தணலுக்கு முன்னே நிற்பவன்

ஹலால் என்னும் மூன்றெழுத்துப் பலகைக்கு இன்று நம் சமுதாயத்தில் இருக்கும் மதிப்பு வேறெந்தப் பலகைக்கும் இல்லை. மஃரிபுத் தொழுகை முடித்துப் பள்ளிவாசல் படியிறங்கினால், நான்கு கடை தாண்டுவதற்குள் ஒரு கரியடுப்பின் மணம் நம்மை எதிர்கொள்கிறது. சென்னைத் திருவல்லிக்கேணியாயினும் மண்ணடியாயினும், வடக்கே ஆம்பூர், வாணியம்பாடியாயினும், தெற்கே மேலப்பாளையமாயினும் காட்சி ஒன்றுதான். வாசலில் அடுப்பு. அடுப்பின்மேல் கம்பி வலை. வலைக்குள் பிளந்து விரித்த கோழி. எல்லாவற்றுக்கும் மேலே பச்சை எழுத்தில் அந்தப் பலகை. அதனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டால் போதும். மார்க்கம் நம்மீது சுமத்திய கடமை நிறைவேறிவிட்டது என்ற நிம்மதியோடு குடும்பத்தை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, மின்விசிறிக்குக் கீழே இடம் பார்த்து அமர்ந்துவிடுகிறோம்.

அந்த நிம்மதியைக் கலைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அடுப்புக்கும் பலகைக்கும் நடுவே ஒரு மனிதன் நிற்கிறான். அவனைப் பற்றி நம் மார்க்கம் மிகத் தெளிவாகப் பேசியிருக்கிறது. நாம்தான் கேட்டும் கேளாதவர்களாய் இருக்கிறோம். ‘அவன்’ என்று ஒருமையில் எழுதியது வேண்டுமென்றேதான். நம் மேசைகளிலிருந்து அந்த மனிதருக்குக் கிடைக்கும் சொல் அதுவே. இனி இக்கட்டுரையில் அவர் ‘அவர்’ ஆகவே இருப்பார்.

அதற்கு முன், வீட்டுக்குள்ளேயே நடக்கும் ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெளியே சென்று உண்பதையே பழிக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. வீட்டில் அடுப்பிருக்க வீதியில் என்ன விருந்து, அதுவும் பெண்களை அழைத்துக்கொண்டு, என்பது அவர்கள் வாதம். அந்த வீட்டடுப்பை முப்பது ஆண்டுகளாக மூட்டியவர் யார் என்று அவர்களை நான் திருப்பிக் கேட்க விரும்புகிறேன். நோன்புக் காலத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து எல்லாருக்கும் பின்னால் படுத்தவர் யார்? அந்தத் தாய் ஒரு மாலைப் பொழுது கைகழுவி அமர்ந்து, வேறொருவர் கொண்டுவந்து வைப்பதை உண்டால் எந்தக் கண்ணியம் குலைந்துவிடும்? பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ அமர்ந்து ஒரு தட்டில் கைவைப்பது பரக்கத்தான காட்சியே. அதனைத் தடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இது அரபு நாட்டு உணவு, நமக்கெதற்கு என்பாரும் உளர். பெயர்கள் அரபு நாட்டினவே, ஐயமில்லை. ‘ஃபஹம்’ என்றால் அரபியில் கரி. ‘அல்ஃபஹம்’ கரியில் வாட்டியது. மந்தி ஏமன் நாட்டு ஹளரமவுத்திலிருந்து வந்தது. ஷவர்மா என்ற சொல்லோ துருக்கியில் ‘சுழற்றுதல்’ என்னும் பொருளுடைய சொல்லின் திரிபு. வளைகுடாவில் பல ஆண்டு உழைத்துத் திரும்பிய நம் பிள்ளைகள் அந்த நாவின் சுவையையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஆனால் இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுடுவதும், வெந்த சூட்டில் வாயின் இப்பக்கமும் அப்பக்கமும் மாற்றி மாற்றி உண்பதும் தமிழனுக்குப் புதிதல்ல. கரிகாற் சோழனைப் பாடும் பொருநராற்றுப்படையில் அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பதும் நமக்கு மந்திக் கடைகள் கற்றுத் தந்ததன்று. காயல்பட்டினத்துக் களரிச் சாப்பாட்டில் சஹனைச் சுற்றி அமர்ந்தவர்களுக்கு அதனைச் சொல்ல வேண்டியதில்லை.

பொருநராற்றுப்படையைப் பற்றி இன்னொரு சொல். அங்கே உண்பவன் கந்தல் உடுத்திய கூத்தன், உபசரிப்பவன் அரசன். திருமறையும் இதனையொத்த ஒரு காட்சியைக் காட்டுகிறது. முன்பின் அறியாத விருந்தினர் வந்தபோது, இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் சுட்ட கன்றின் இறைச்சியைத் தாமே கொண்டுவந்து அவர்கள் முன் வைத்தார்கள் என்று ஹூது, தாரியாத் ஆகிய இரு அத்தியாயங்களும் கூறுகின்றன. இரு காட்சியிலும், சுட்ட இறைச்சி உயர்ந்தவர் கையிலிருந்து எளியவரை நோக்கிச் சென்றது. நம் மேசைக்கு அது எந்தத் திசையிலிருந்து வருகிறது?

கரியடுப்பு வேலை எத்தகையதென்று அறியாதவர்களுக்காகச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். கோழியைத் தோலுரித்து, பிளந்து தட்டையாக்கி, தசையில் ஆழக் கீறி, மசாலாவும் தயிரும் எலுமிச்சையும் பிசறிப் பல மணி நேரம் ஊற வைக்கிறார்கள். இது பகலிலேயே தொடங்கிவிடுகிற வேலை. மாலையில் கரி கொட்டி நெருப்பு மூட்டி, சுடர் அடங்கி வெண்சாம்பல் பூத்த தணலாகும்வரை விசிற வேண்டும். அதன்பிறகே வலை அடுப்பேறும். ஒரு முழுக்கோழி பக்குவமாக வேக அரைமணி நேரத்துக்கும் மேலாகும். அவ்வளவு நேரமும் வலையைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். திருப்பாமல் விட்டால் மேல் கருகி, எலும்பருகே இரத்தம் நிற்கும். கொழுப்பு உருகித் தணலில் சொட்டும்போது குப்பென்று எழுகிறதே ஒரு புகை, அதுதான் நாம் நாவூற நுகரும் மணம். நமக்கு அது ஒரு நொடி. அவருக்கு அதுவே மாலை முதல் நள்ளிரவு வரை மூச்சு. கரிப்புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த அறிவியல். உண்பவர்களுக்குப் புகை வரக்கூடாது என்பதற்காகவே அடுப்பு வாசலில் வைக்கப்படுகிறது. புகையின் முழுப் பங்கும் அவருக்கே உரியதாகிவிடுகிறது.

சித்திரை, வைகாசி வெயிலில் சென்னையில் இரவு பத்து மணிக்கும் வெக்கை தணியாது. அந்த வெக்கைக்குள் தணலின் வெக்கை. அருகில் ஓர் இருக்கை இருக்கிறதா என்று அடுத்த முறை செல்லும்போது பாருங்கள். அமர்ந்தால் சோம்பேறி என்று கல்லாவிலிருப்பவர் எண்ணுவார், வாடிக்கையாளரும் எண்ணுவார். பல கடைகளில் இரவு பன்னிரண்டு மணி தாண்டி, அடுப்பைச் சுரண்டிக் கழுவிய பிறகே அவருடைய நாள் முடிகிறது. பிறகு, கடைக்கு மேலேயோ பின்னாலேயோ பத்துப் பேர் நெருங்கிப் படுக்கும் ஓர் அறை. முகத்திலிருந்து புகை கழுவப்படும், நெஞ்சிலிருந்து கழுவப்படுவதில்லை.

இப்போது அந்த நபிமொழிக்கு வருவோம். பணியாளர் உணவு சமைத்துக் கொண்டுவந்து வைத்தால் அவரையும் உடன் அமர்த்தி உண்ணச் செய்யுங்கள். உணவு குறைவாக இருந்தால் ஒரு கவளமோ இரு கவளமோ அவர் கையில் கொடுங்கள் என்று ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அதற்குக் காட்டிய காரணத்தைக் கவனியுங்கள். அந்த உணவின் வெப்பத்தையும் புகையையும் தாங்கியவர் அவரே என்பதுதான் காரணம். வெப்பமும் புகையும்! ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் இந்தச் சொற்கள் நம் தெருமுனைக் கரியடுப்புக்காரரை நேரில் பார்த்துச் சொன்னவை போலில்லையா? உணவின்மீது அவருக்கொரு பாத்தியதை உண்டு என்பதும், அந்தப் பாத்தியதை புகையால் ஏற்பட்டது என்பதும் இதனால் விளங்கவில்லையா?

இந்த நபிமொழியை எடுத்துச் சொன்னால், அது அடிமைகளைப் பற்றியும் வீட்டுப் பணியாளர்களைப் பற்றியும் சொன்னதாயிற்றே, சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு எப்படிப் பொருந்தும் என்று மடக்குகிறார்கள் சிலர். நன்றாக இருக்கிறது வாதம்! விலைகொடுத்து வாங்கப்பட்டவருக்கே உடனமரும் உரிமை என்றால், விலைக்கு வாங்க முடியாத சுதந்தர மனிதருக்கு அது குறைந்துவிடுமா, கூடுமா? பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதை அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், தாங்கமுடியாத சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்று அபூதர் (ரலி) அவர்களிடம் சொல்லப்பட்ட அறிவுரையையும் இவர்கள் அறிவார்கள். வெள்ளி மேடையிலும் மீலாது மேடையிலும் இஸ்லாத்தின் சமத்துவத்துக்குச் சான்றாக அதனை முழங்குவார்கள். முழங்கிவிட்டு, கரகரத்த தொண்டைக்கு இதமாகக் கடைக்குச் சென்று, “டேய், இங்கே ரெண்டு குப்பூஸ் கொண்டா” என்பார்கள்.

நான் ஃபத்வா வழங்க வரவில்லை. கூலி குறைத்துக் கொடுக்கும் கடையின் இறைச்சி ஹராமாகிவிடும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. அப்படிச் சொல்வதும் சரியன்று. பிஸ்மி சொல்லி முறைப்படி அறுத்த கோழி, அறுத்த அளவில் ஹலாலே. ஆனால் கோழியின் கழுத்தோடு ஹலால் முடிந்துவிடுகிறதா என்பதுதான் என் கேள்வி. திருமறை பகரா அத்தியாயத்தில் மனிதர்களை நோக்கி உண்ணுங்கள் என்று சொல்லும்போது, ஹலால் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் தய்யிப் என்ற சொல்லையும் அருகே வைத்திருக்கிறது. ஆகுமானது, அத்துடன் தூய்மையானது, நல்லது. இரண்டில் ஒன்றைப் பலகையில் எழுதி மாட்டிக்கொண்டோம். மற்றதை எங்கே விட்டோம்?

அதை விட்டதன் விலையை நாடு கண்டுவிட்டது. 2022 மே மாதத்தில் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட ஒரு மாணவி உயிரிழந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் அதே உணவுக்குப்பின் 14 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். பச்சை முட்டையில் கலக்கும் மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடைசெய்தது. தடைக்குக் காத்திருக்க வேண்டிய சமுதாயமா நாம்? வெட்டி வைத்த இறைச்சியைக் குளிரில் வைக்காத கடையிலும், நேற்றைய மிச்சத்தை இன்றைய மசாலாவில் புரட்டும் கடையிலும் ஹலால் பலகை தொங்கத்தான் செய்கிறது. அங்கேயும் நின்று வேலை செய்பவருக்குத்தான் எது பழையது, எது புதியது என்று தெரியும். சொன்னால் வேலை போய்விடும் என்றிருக்கிற மனிதர் சொல்லமாட்டார். பணியாளரின் வாய் அடைக்கப்பட்ட இடத்தில் உண்பவரின் வயிற்றுக்கும் பாதுகாப்பில்லை என்பதை நம் தாய்மார்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

கூலியைப் பற்றி மார்க்கம் சொன்னது யாருக்குத்தான் தெரியாது? வியர்வை உலருமுன் கொடுக்க வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளையும் ஒப்பிக்கும் பாடம். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் அறிவித்திருப்பது புகாரியில் இருக்கிறது. தணலுக்கு முன்னே நிற்பவரின் வியர்வையோ உலர்வதே இல்லை. ஆகவே கூலிக்கும் அவசரமில்லை என்று எண்ணிக்கொண்டார்கள் போலும் சில முதலாளிகள்! ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, விட்டுப் போகாமலிருக்க அதனைக் கயிறாகப் பயன்படுத்தும் வழக்கத்துக்கு இவர்கள் என்ன பெயர் சொல்வார்கள்? சோறும் தங்க இடமும் கொடுக்கிறோமே என்கிறார்கள். சோறும் இடமும் கொடுத்துத்தான் மாட்டையும் வைத்திருக்கிறோம். அளவையில் மோசம் செய்பவர்களைக் கண்டித்து ஓர் அத்தியாயமே அருளப்பட்டிருக்கிறது. தமக்கு வாங்கும்போது நிறைவாக வாங்குவதும் பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பதும் அவர்கள் குணம் என்று அது காட்டுகிறது. உழைப்பும் ஓர் அளவைதான். பன்னிரண்டு மணி நேரத்தை வாங்கிக்கொண்டு எட்டு மணி நேரத்துக்குக் கொடுப்பவரும் அந்தத் தராசில் நிறுக்கப்படுவார்.

எல்லா முதலாளிகளையும் ஒரே கோணியில் கட்டுவது நியாயமன்று. தாமே இடுக்கி பிடித்து அடுப்பில் நிற்கும் சிறு கடைக்காரர்கள் இருக்கிறார்கள். வேலைக்காரரோடு ஒரே தட்டில் உண்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வாடகையும் கோழி விலையும் கரி விலையும் ஏறிக்கொண்டே போக, பக்கத்துக் கடைக்காரரோடு விலைப் போட்டியில் மூச்சுத் திணறுபவர்கள் அவர்கள். அந்த நெரிசலில் யாரை நெருக்குவது என்ற கேள்வி வரும்போது, வாய் திறக்க முடியாதவர்தான் நெருக்கப்படுகிறார். இதில் நமக்கும் பங்குண்டு. பத்து ரூபாய் குறைவு என்பதற்காகக் கடை மாறுபவர்கள் நாம்தானே?

இன்று அந்த அடுப்புகளில் நிற்பவர்களில் பலர் அஸ்ஸாம், வங்காளம், பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். நேபாளத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள், அல்லாதவர்களும் இருக்கிறார்கள். கூலியின் சட்டம் இருவருக்கும் ஒன்றே. அவர்களை நாம் ‘பையா’ என்கிறோம். பெயர் கேட்பதில்லை. ஊர் கேட்பதில்லை. இதனைச் செய்வது யார்? கடல் கடந்து பிறர் அடுப்பில் நின்ற வரலாறுடைய சமுதாயம்! பினாங்கில் தோளில் தடியைச் சாத்தி, இருபுறமும் சோற்றையும் கறியையும் தொங்கவிட்டுச் சுமந்து விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். நாசி கண்டார் என்ற பெயரே அந்தச் சுமைத்தடியால் வந்தது. அங்குள்ளவர்கள் நம்மை ‘மாமாக்’ என்று அழைத்தார்கள். நம் ‘மாமா’வே அப்படித் திரிந்தது. அந்தச் சொல் அன்பாகவும் ஒலித்தது, ஏளனமாகவும் ஒலித்தது. எந்தக் குரலில் எப்படி ஒலித்தது என்பது நம் முன்னோருக்குத் தெரியும். 1970களுக்குப்பின் வளைகுடாவில் சமையற்கட்டுகளிலும் உணவு விடுதிகளிலும் நின்றவர்கள் நம் வீட்டு ஆண்கள். கடவுச்சீட்டைப் பூட்டி வைத்துக்கொண்ட முதலாளியைப் பற்றியும், மூன்று மாதம் வராத சம்பளத்தைப் பற்றியும், பெருநாளன்று அழுத அழுகையைப் பற்றியும் அவர்கள் எழுதிய கடிதங்கள் நம் அலமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. அந்தக் கடிதங்களைப் படித்து வளர்ந்த மகன் இன்று சொந்த ஊரில் கடை திறந்து கல்லாவில் அமர்ந்திருக்கிறான். அவன் கடையில் நிற்பவரின் தாய்க்கும் ஒரு கடிதம் போகிறது. இப்போது அது கைப்பேசியில் போகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

பெண் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. எட்டுப் பேருக்கென்று வந்த மந்தித் தட்டில் பாதிச் சோறு மிஞ்சிக் குப்பைக்குப் போவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கணக்கிட்டது. விரலில் ஒட்டியதையும் தட்டில் ஒட்டியதையும் வீணாக்க வேண்டாம் என்று கற்பிக்கப்பட்ட உம்மத்துக்கு இந்தப் புள்ளிவிவரம் தேவையில்லை. ஆனால் மிச்சத்தை எடுத்துப் பணியாளர் கையில் திணித்துவிட்டு அதனைத் தர்மம் என்று எண்ணுவதும் வேண்டாம். நபிகள் பெருமானார் சொன்னது எச்சிலைக் கொடுக்கச் சொன்னதன்று. உடன் அமர்த்தச் சொன்னது. முடியாவிட்டால் முதல் கவளத்திலிருந்து கொடுக்கச் சொன்னது.

அமர்த்துவது என்றதும் சட்டமும் நினைவுக்கு வருகிறது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாளெல்லாம் நின்று கால் வீங்கிய பெண்களை எண்ணிக் கேரளம் 2018இல் பணியாளர்கள் அமரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழகமும் கடைகள், நிறுவனங்கள் பற்றிய சட்டத்தைத் திருத்தி அதனைப் பின்பற்றியது. உணவு விடுதிப் பணியாளரின் வேலை நேரம், ஓய்வு, விடுமுறை ஆகியவற்றுக்காக இங்கே 1958லேயே தனிச்சட்டம் பிறந்தது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை விடுதிகளில் வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. இவையெல்லாம் அரசு கண்டுபிடித்த புதுமைகளாக நம்மவர்களுக்குத் தோன்றுகின்றன. அதிகாரி வந்தால் எப்படிச் சமாளிப்பது என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். உடன் அமர்த்து என்ற ஆணையைப் பதினான்கு நூற்றாண்டுகளாகக் கையில் வைத்திருந்தவர்கள், ஒரு முக்காலி போடுவதற்கு அதிகாரிக்குக் காத்திருப்பது வெட்கக்கேடு.

இதையெல்லாம் நாங்கள் எப்படி விசாரிப்பது, சாப்பிட வந்தோமா சாட்சி கேட்க வந்தோமா என்று கேட்கும் அன்பர்களும் இருக்கிறார்கள். விசாரிப்பது நமக்குப் புதிதா? அறுத்தவர் யார், கையால் அறுத்ததா இயந்திரத்தில் அறுத்ததா, பிஸ்மி சொன்னார்களா என்று கல்லாவில் நின்று துருவித் துருவிக் கேட்பவர்கள் நாம்தாம். அது நல்ல வழக்கம். அதே நாவால், அதே இடத்தில், சம்பளம் மாதாமாதம் தருகிறீர்களா என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் நாக்குத் தேய்ந்துவிடாது. பெரிய நகர விடுதியில் முதலாளி யாரென்றே தெரியாது. தெருக்கடையில் அந்தத் தடையும் இல்லை. ஜும்ஆவில் நம் தோளோடு தோள் நிற்பவர்தான் அவர்.

நம் ஜமாஅத்துகளையும் இவ்விடத்தில் சும்மா விட முடியாது. பள்ளிவாசல் விரிவாக்கத்துக்கும் நோன்புக் கஞ்சிக்கும் கடை கடையாக ஏறி வசூல் செய்கிறோம். பெருந்தொகை கொடுப்பவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அத்தொகை எந்தப் பணியாளரின் நிலுவையிலிருந்து வந்தது என்று எந்த முத்தவல்லியாவது கேட்டதுண்டா? கல்யாணப் பதிவுக்கும் தலாக் வழக்குக்கும் கூடும் நிர்வாகக் குழு, கூலி வழக்குக்கும் கூடலாம். வெளியூரிலிருந்து வந்தவருக்கு இவ்வூரில் சொந்தமில்லை, சங்கமில்லை, மொழியும் சரியாகத் தெரியாது. பள்ளிவாசல் கதவு ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த கதவு. அங்கே வந்து தன் நிலுவையைச் சொல்லலாம் என்று ஓர் அறிவிப்பு ஒட்டுவதற்கு எவ்வளவு செலவாகும்?

ரமலானில் இந்தக் கொடுமை உச்சத்தை எட்டுகிறது. தராவீஹ் முடிந்து வெளியே வரும் கூட்டத்துக்காகவே கடைகள் விடியவிடியத் திறந்திருக்கின்றன. அது புனித மாதத்தின் மகிழ்ச்சி. அதனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்குச் சுடச்சுடக் கிடைக்க வேண்டுமென்றால் அடுப்பு அஸரிலேயே மூட்டப்பட வேண்டும். நோன்பாளியான ஒரு மனிதர், நாவறண்டு, தணலுக்கு முன்னே நின்று, தான் சுவைபார்க்க முடியாத இறைச்சியைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். பாங்கு ஒலிக்கும்போது நாம் பள்ளியில் வரிசையாக அமர்ந்து பேரீச்சம்பழமும் கஞ்சியும் வடையும் அருந்துகிறோம். அவர் ஒரு கையில் இடுக்கியோடு, மறு கையால் ஒரு மிடறு தண்ணீர் குடித்து நோன்பு திறக்கிறார். இஃப்தாருக்குப் பார்சல் வாங்கத் தாமதமாக வந்தவர் அவரை விரட்டிக்கொண்டிருக்கிறார். மஃரிபு அவருக்குத் தவறுகிறது. தராவீஹ் கேட்கவே வேண்டாம். அவருடைய புகையைத் தின்றுவிட்டு நாம் இரவுத் தொழுகையின் சிறப்பைப் பற்றிப் பேசுகிறோம்.

அடுத்த ரமலானில் ஒவ்வொரு மஹல்லாவும் இதனையாவது செய்யட்டும். கஞ்சி அண்டா திறந்ததும் முதல் வாளி கடைத்தெரு அடுப்புகளுக்குப் போகட்டும், பாங்குக்குக் கால்மணி நேரம் முன்பாகவே. பாங்கு முதல் மஃரிபுத் தொழுகை முடியும்வரை அரைமணி நேரம் எந்தக் கடையிலும் வியாபாரமில்லை என்று ஜமாஅத் பேசி முடிவெடுக்கட்டும். எல்லாக் கடைகளும் சேர்ந்து நிறுத்தினால் எவருக்கும் நட்டமில்லை. அவ்வேளையில் பார்சல் கேட்டு நிற்பதில்லை என்று குடும்பங்கள் முடிவெடுக்கட்டும். அடுப்பு அணைந்துவிடும், மறுபடி மூட்ட ஒருமணி நேரமாகும் என்று முதலாளிகள் சாக்குச் சொல்வார்கள். சாம்பல் போர்த்திய தணல் அரைமணி நேரத்தில் அவிந்துவிடாது. ஐயமிருந்தால் அடுப்பில் நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள்.